எல்லாருடைய வாழை

சித்தியின் கல்யாணப் படம் எதிலும் அப்பா இல்லை. ஆல்பத்தில் நூற்றுக்கும் மேல் படங்கள் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் மூவாரிலிருந்து கொண்டுவந்த சீர்த்தட்டுகளுக்கு மட்டும் நான்கு படம். பந்தியில் யார் யாரோ வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வரிசை வீடுகளில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாய்கூட இரண்டு படங்களில் வருகிறது. தாலி கட்டும் படத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருக்க வேண்டிய இடத்தில், யாரோ ஒருவருடைய கைப்பை தெரிகிறது. உறவுக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் படம் வந்ததும் உதட்டைப் பிதுக்குவார்கள். கொழுந்தியாள் கல்யாணத்தைவிட அரசாங்கத்து வாழைமரம் அவருக்கு ஒசத்தி என்பது எங்கள் குடும்பத்தில் பல வருடமாக ஓடும் பேச்சு. நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரிக்க இந்தக் குடும்பத்தில் யாருக்காவது உரிமை இல்லையென்றால், அது எனக்குத்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. குளுவாங்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அப்பா வேலை பார்த்தார். ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்குக் கொடுத்திருந்தது ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் ஒரு பாராங் கத்தியும்தான். நிலையத்தின் கோடியில், கம்பி வேலி போட்ட ஒரு நிலத்தில், நாட்டின் பல மூலைகளிலிருந்து கொண்டுவந்த வாழை வகைகளை நிரை நிரையாக நட்டு வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் பொறுப்பு. விற்பனைக்கு என்று அங்கே ஒரு காயும் கிடையாது. அந்த மரங்கள் செய்ய வேண்டியதெல்லாம் உயிரோடு இருப்பது மட்டுமே. பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டபோது, “வாழை மரம் சாகாம பாத்துக்குறாங்க” என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு எனக்கு அப்பா மேல் கோபம்கூட வந்தது.

கடையில் கிடைக்கும் பீசாங் மாஸும் பெராங்ஙானும் அங்கே இருந்தன. கடைக்கே வராதவையும் இருந்தன. விரல் அளவு காய்க்கும் ஒன்று, மிளகு மிளகாக விதை நிறைந்த ஒன்று, தண்டெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் ஒன்று. ஒவ்வொரு தூறுக்கு முன்னாலும் ஒரு தகரத்தில் எண்ணும் பெயரும் எழுதியிருக்கும். இருபத்தேழாம் எண்ணில் ‘தியாடா நாமா’ என்று இருந்தது. பெயர் இல்லை என்பதற்கு மலாய். முதலாம் வகுப்பில் படிக்கும்போது அது எனக்குப் புரியவில்லை. தியாடா நாமா என்பது யாரோ ஒரு அழகான பெண்ணின் பெயர் என்று நினைத்து, என் பொம்மைக்கு அதையே வைத்திருந்தேன்.

அந்த இருபத்தேழுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மற்ற வாழைகளில் குலை தள்ளிய பிறகும் நுனியில் பூ தொங்கிக்கொண்டே இருக்கும். இதில் கடைசிச் சீப்பு வந்ததுமே பூ சுருங்கி, காய்ந்து, உதிர்ந்துவிடும். குலை மொட்டையாக நிற்கும். வாழைப்பூ வடைக்குக்கூட உதவாத மரத்துக்கு எதற்கு இவ்வளவு கவனிப்பு என்று அம்மா கேட்பார். முன்பு அதில் நான்கு தூறுகள் இருந்தனவாம். ஒரு வருடத்து வெள்ளத்தில் மூன்று அழுகிப்போக, மிஞ்சியது ஒன்றுதான்.

அந்த வருடம் சுற்றியிருந்த மலாய்க் கிராமங்களில், நாங்கள் கம்பம் என்போம், வாழைக்கு ஒரு நோய் வந்திருந்தது. இலை மஞ்சளாகித் தொங்கும். காய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிளந்தால் உள்ளே துரு நிறத்தில் அழுகி, நாறும். வாழைப்பூவில் தேன் குடிக்க வரும் பூச்சிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கொண்டுபோகும் என்று அப்பா சொல்வார். பூச்சியைவிட வேகமாகக் கொண்டுபோவது கத்தி. நோய் கண்ட மரத்தை வெட்டிய கத்தியால் நல்ல மரத்தை வெட்டினால் போதும், அதன் கதை முடிந்தது.

அதனால் வேலிக் கதவுக்கு உள்ளே ஒரு சிவப்பு வாளி இருந்தது. தினமும் காலையில் அப்பா அதில் தண்ணீர் ஊற்றி பிளீச் தூளைக் கரைத்து வைப்பார். உள்ளே வருகிற யாராக இருந்தாலும் பூட்ஸை நனைக்க வேண்டும், கத்தியைத் தண்ணீருக்குள் வைத்து பிரஷால் தேய்க்க வேண்டும். எங்கள் வரிசை வீடுகள் நிலையத்தை ஒட்டியே இருந்ததால், பள்ளி விட்டு வந்ததும் நான் அங்கே போய்விடுவேன். தேய்க்கும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அதிகாரியாக இருந்த மலாய்ப் பெண்மணியை, அவரை எல்லாரும் புவான் என்றுதான் கூப்பிடுவோம், அவரையே ஒருமுறை கதவருகில் நிறுத்தி பூட்ஸை மறுபடி நனைக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நனைத்தார். அப்பாவின் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து, தோல் உரிந்து இருக்கும். என் விரல்களும் அப்படி ஆகத் தொடங்கியிருந்தன. பெண்பிள்ளை கையைப் பாழாக்குகிறீர்கள் என்று அம்மா அப்பாவைத் திட்டுவார்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். இருபத்தேழில் பூ நிற்பதில்லை, அதனால் பூச்சிக்கு அங்கே வேலை இல்லை, சுற்றிலும் எத்தனை மரம் சாய்ந்தாலும் அது நிற்கும் என்று புவான் சொன்னாராம். அடுத்த வருடம் அதன் கன்றை லேப்புக்கு அனுப்பி நிறையப் பெருக்கப் போகிறார்களாம். பிறகு தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாமாம்.

“எண்ணெயில பொரிச்சு கோரேங் போட நல்லாருக்குமா?” என்று அம்மா கேட்டார்.

“தெரியாது. இனிமேதான் பாக்கணும்.”

“ருசியே தெரியாதா! இதுக்கா இம்புட்டு ஆட்டம்?”

அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

சித்தியின் கல்யாணம் அந்த வருடக் கடைசியில் நிச்சயமானது. அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் இல்லை. அம்மாதான் மூத்தவர், அதனால் கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில். சித்திக்கு முப்பத்தொன்று. அதற்கு முன் ஒரு நிச்சயதார்த்தம் நடந்து, முறிந்து, அதைப் பற்றி ஊரே பேசி ஓய்ந்திருந்தது. இந்த மாப்பிள்ளையைப் பிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மூவாரில் நாற்காலி மேசை செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் அதே ஊரில் கடை வைத்திருந்தார்கள். எதிலும் குறை கண்டுபிடிக்கக் கூடியவர்கள் என்று மாமாவே எச்சரித்திருந்தார். ஒரு குறையும் இருக்கக் கூடாது என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தார். இந்தக் கல்யாணமும் முறிந்தால் சித்தி அதோடு உட்கார்ந்துவிடுவார் என்ற பயம் அம்மாவின் கையில், காலில், பேச்சில் எல்லாம் தெரிந்தது.

வாசலில் கட்டக் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு வேண்டும். மற்ற வருடமாக இருந்தால் கம்பத்தில் யாரிடமாவது கேட்டால் கிடைத்துவிடும். அந்த வருடம் கம்பத்து வாழையெல்லாம் மஞ்சளடித்துக் கிடந்தது. ஜொகூர் பாருவில் ஒரு கடையில் பிளாஸ்டிக் வாழைமரம் கிடைக்கிறது என்று யாரோ சொன்னதற்கு அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் அப்பாவிடமே கேட்டார். அப்பா தலை நிமிராமல் முடியாது என்றார்.

“ரெண்டே ரெண்டு மரங்க. வெட்டுனா மறுபடி முளைக்கப் போவுது.”

“அது என்னுது இல்ல.”

“பின்ன யாருது?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “எல்லாருது” என்றார்.

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாமா கோப்பையைக் கீழே வைத்தார். “எல்லாருதுன்னா நமக்கும் பங்கு இருக்குல்ல மச்சான்? நம்ம பங்கு ரெண்டு மரம். மிச்சத்த எல்லாரும் எடுத்துக்கட்டும் லா!”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மாமா பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. அப்பா எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் தோற்றுவிட்டார் என்று நான் நினைத்தேன். மரத்துக்கு நானே பொறுப்பு என்று மாமா அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை பத்து மணி இருக்கும். சிகாமட்டிலிருந்து ரயிலில் வரும் உறவுக்காரர்களை அழைத்துவர அப்பா குளுவாங் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். மூன்று நாளாக அவர் லீவில் இருந்தார். மாமா இரவல் வாங்கிய சிறு லாரியில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டு வாழைமரம், குலையோடு. வழியில் ஒரு கம்பத்தில் தெரிந்தவர் தோட்டத்தில் வெட்டிக்கொண்டு வந்தாராம். அந்த மகராசன் ஒரு வெள்ளிக் காசுகூட வாங்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். மரத்தை இறக்கி வைத்ததும், பழுத்ததுபோல் தெரிந்த ஒரு காயை ஒரு பையன் பறித்துப் பிய்த்தான். உள்ளே செக்கச் சிவந்து, சீழ்போல் வடிந்தது. நாற்றம் வாசல் வரை வந்தது.

“அழுகுன மரத்தையா கல்யாண வீட்டு வாசல்ல கட்டுவாங்க?” என்று தூரத்து உறவில் ஒரு பெரியம்மா கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அறைக்குள் நலங்கு மஞ்சள் காயாமல் உட்கார்ந்திருந்த சித்திக்கு அது கேட்டுவிட்டது. சத்தம் வராமல் அழத் தொடங்கினார். முதல் நிச்சயதார்த்தம் முறிந்தபோதும் அப்படித்தான் அழுதார் என்று அம்மா பிறகு சொன்னார். அம்மா சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். மாமா அழுகிய மரங்களைச் சாலையோரத்தில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்து, பேசாமல் நின்றார். மாமா பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். “இருபத்தேழுல ரெண்டு குலை இருக்கு மாமா. சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலிக் கதவைத் திறந்ததும் வாய் பழக்கத்தில் சொன்னது: “கத்திய நனைக்கணும்.” மாமாவின் பாராங்கில் காலையில் வெட்டிய மரத்தின் சாறு பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வாளியைப் பார்த்தேன். அப்பா லீவில் இருந்ததால் அதில் இருந்தது வெறும் மழைத்தண்ணீர். கொசுப்புழு நெளிந்தது. பிளீச் டப்பா எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை கரண்டி போட வேண்டும், எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்றும் தெரியும். ஆனால் முந்தின நாள்தான் எனக்கு மருதாணி வைத்திருந்தார்கள். இலையை அரைத்து, இரண்டு உள்ளங்கையிலும் வட்டமும் சுற்றிப் புள்ளியும், விரல் நுனிகளில் தொப்பியும். கல்யாணத்தில் படம் எடுக்கும் வரை சோப்புத் தண்ணீர்கூடப் படாமல் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்ட பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். வெளுத்து உரிந்த விரல்களோடு திரிந்த எனக்கு, முதல்முறையாக என் கை அழகாக இருந்தது.

“அதுலயே நனைங்க மாமா” என்றேன்.

மாமா கத்தியை மூன்று முறை மழைத்தண்ணீரில் முக்கினார். ஒவ்வொரு முக்குக்கும் ஐயர் மாதிரி குரலை மாற்றி, “கங்கை, யமுனை, குளுவாங்!” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது வெறும் தண்ணீர் என்று மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டிருந்தபோதும் தெரியும்.

இரண்டு மரமும் இரண்டே வெட்டில் சாய்ந்தன. “அலமாக், பூவே இல்லையே!” என்றார் மாமா. பிறகு அவரே, “பரவால்ல, மாப்பிள்ளைக்கும் தலையில ஒண்ணும் இல்ல” என்றார். வாசலில் கட்டி முடித்தபோது சித்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முகம் கழுவியிருந்தார். அந்த முகத்துக்காக எதை வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மத்தியானம் அப்பா இரண்டு கையிலும் பைகளோடு, உறவுக்காரர்கள் பின்னால் வர, வாசலுக்கு வந்தார். நின்றார். பைகளைக் கீழே வைத்தார். ஒரு மரத்தின் தண்டில் உள்ளங்கையை வைத்து, குலையின் மொட்டை நுனியைப் பார்த்தார். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து மூச்சு விடாமல் ஏதேதோ சொன்னார். அப்பா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“கத்திய நனைச்சியா?”

“நனைச்சேன் மச்சான். உங்க மக விடுவாளா? நிக்க வெச்சு மூணு தரம் நனைக்க வெச்சா.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கைகளைத் திருப்பி, ஒவ்வொரு விரல் நுனியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மருதாணி நல்லா செவந்திருக்கு” என்றார்.

பிறகு எழுந்து பைகளை உள்ளே கொண்டுபோனார். அடி விழும் என்று எதிர்பார்த்த இடத்தில் பாராட்டு கிடைத்த சந்தோஷம் எனக்கு. அன்று சாயங்காலம் வந்தவர்களிடமெல்லாம் போய்க் கையை நீட்டிக் காட்டினேன்.

மறுநாள் காலை எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. ஐஸ் வாங்கப் போயிருப்பார் என்று அம்மா நினைத்தார். முகூர்த்தம் நெருங்க நெருங்க ஆளாளுக்குத் தேடினார்கள். ஐயர் இரண்டு முறை கேட்டுவிட்டு, நேரம் போகிறது என்று நடத்திவிட்டார். தாலி கட்டியதும் அம்மா என் காதில், போய் எங்கே இருக்கிறார் பார் என்று பல்லைக் கடித்துச் சொன்னார். பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வாழை நிலத்தின் பக்கம் புகை தெரிந்தது.

கதவருகில் பிளீச் வாடை மூக்கை அறுத்தது. சிவப்பு வாளி நிறைந்திருந்தது. இருபத்தேழு இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அப்பா பனியனோடு, இடுப்பு வரை சேறாக, தூறின் கிழங்கைத் துண்டு துண்டாகத் தோண்டி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே வெகுதூரத்தில், ஒரு பலகையின் மேல், கறுப்புப் பாலிபேக்கில் இரண்டு சின்னக் கன்றுகள் மட்டும் இருந்தன.

“உள்ள வராத. அங்கயே நில்லு” என்றார்.

கல்யாண வீட்டில் மைக் பிடித்திருந்தவரின் குரல் செம்பனைகளைத் தாண்டி அங்கே வரை வந்தது. மணமக்கள் வாழையடி வாழையாகத் தழைத்து வாழ வேண்டும் என்று வாழ்த்திக்கொண்டிருந்தார். அப்பாவின் மண்வெட்டி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தோண்டினார்.

வெட்டிய இரண்டு மரத்துக்காக மீதியையும் வெட்டி எரித்த மனிதரைப் பற்றி அன்று பந்தியில் பேசாதவர்கள் இல்லை. “என்ன ரோசம் இது! அதான் நனைச்சோமே!” என்று மாமா என்னையும் சாட்சிக்கு இழுத்தார். கத்தியில் நோய் இருந்திருக்கலாம், விட்டால் மற்ற நிரைகளுக்கும் போயிருக்கும் என்று அப்பா ஒருமுறை சொன்னார். யாரும் நம்பவில்லை. கத்தியை நனைத்த பிறகு நோய் எப்படி வரும்? நானும் ரோசம் என்றே நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆபீஸிலிருந்து விசாரணை வந்தது. அப்பா மலாயில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாழை நிலத்தின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். செம்பனை நாற்றங்காலில் பாலிபேக்குக்கு மண் நிரப்பும் வேலைக்கு மாற்றினார்கள். அந்த இரண்டு கன்றுகளை மட்டும், மற்ற வாழைகள் பக்கம் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு, எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளப் புவான் அனுமதித்தார்.

அதற்குப் பிறகு அப்பாவின் உலகம் அந்த இரண்டு பைகளுக்குள் அடங்கிவிட்டது. அவற்றுக்குத் தனிக் கத்தி, தனித் தண்ணீர்க் குவளை. வேலை முடிந்து வந்ததும் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். தாய் மரத்துக்கு வந்தது கிழங்கு வழியாகக் கன்றுக்கும் வரும் என்றார். வந்திருக்கிறதா இல்லையா என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியாது. காத்திருக்க வேண்டும். இவை பிழைத்தால் இருபத்தேழு பிழைத்தது. “இல்லேன்னா?” என்றேன். “இல்லேன்னா இல்ல” என்றார்.

நான் தினமும் பள்ளிக்குப் போகும் முன் அவற்றிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தமிழ் புரியாதோ என்று மலாயிலும் கேட்டேன். ஒரு காலை முதல் கன்றில் சுருள் இலை விரிந்திருந்தது. நான் கத்தியதில் அப்பா பாதி ஷேவிங்கில், முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். இரண்டு பேரும் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்கலாம். வாளியில் இருந்தது மழைத்தண்ணீர் என்று ஒரு வரி. வாய் வரை வந்தது. சொன்னால் அந்தச் சந்தோஷம் போய்விடும் என்று விழுங்கிவிட்டேன்.

மூன்றாம் மாதத்தில் அந்த இலையின் ஓரம் மஞ்சளானது. வெயில் என்றேன் நான். அப்பா இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வாரத்துக்குள் இலை மடிந்து தொங்கியது. பிறகு இரண்டாவது கன்றும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பிடுங்கிக் கிழங்கைப் பிளந்தார். உள்ளே பழுப்புப் புள்ளிகள். எரித்தார். பிறகு கத்தியை பிளீச்சில் வைத்து வெகுநேரம் தேய்த்தார். இனி எதைக் காப்பாற்றுவதற்கு அந்தக் கத்தியைக் கழுவுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. உள்ளே போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மற்ற நிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தனையும் நின்றன. அதை யாரும் அப்பாவின் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து வந்த வருடங்களில் நோய் இன்னும் பரவியது. வாழையை நம்பியிருந்த பலர் நிலத்தைச் செம்பனைக்குக் கொடுத்தார்கள். நான் பதினேழு வயதில் பாரம் ஐந்து படிக்கும்போது, ஓய்வு பெறவிருந்த புவான் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூ நிற்காத வாழை வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுகிறார்களாம். இருபத்தேழை எந்தக் கம்பத்திலிருந்து எடுத்துவந்தார்கள் என்று அப்பாவுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். அப்பாவுக்கு நினைவிருந்தது. எங்களுக்குத் தெரியாமல் அவரே பல ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் அங்கே போய் வந்திருக்கிறார். அந்தக் கொல்லை, அந்த வீடு, அந்தக் கம்பம், எதுவும் இப்போது இல்லை. செம்பனைதான் இருக்கிறது என்றார்.  கிளம்பும்போது புவான் வாசலில் என்னிடம், உன் அப்பா அன்றைக்கு, ‘லீவில் போகும் முன் வாளியில் மருந்து கரைத்து வைக்காதது என் தவறு, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை’ என்று எழுதிக் கொடுத்தார், என்னால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை என்றார். மாமாவைக் காப்பாற்ற அப்படி எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா எவ்வளவு நல்லவர் என்று பெருமைகூடப் பட்டேன். வாளியில் மருந்து இல்லாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவில்லை. லீவில் போனவருக்குத் தெரியாதா என்ன, என்று விட்டுவிட்டேன். நான் தலையாட்டியதை அவர் நம்பினார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இப்போது நான் ஜொகூர் பாருவில், தெப்ராவில் இருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான். பக்கத்துப் பேரங்காடியில் ஒரே வகை வாழைப்பழம் கிடைக்கிறது. எல்லாம் ஒரே நீளம், ஒரே மஞ்சள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர். அப்பா அதைக் குறை சொல்லாமல் சாப்பிடுவார். இருபத்தேழு என்ன ருசியில் இருந்திருக்கும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒருவேளை வாயிலேயே வைக்க முடியாமல் இருந்திருக்கலாம். அதைக்கூட இனி யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

போன தீபாவளிக்கு என் மகள் எனக்கு மருதாணி வைத்துவிட்டாள். மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, கையுறை போடச் சோம்பல்பட்டு, குளியலறைத் தரையை பிளீச் ஊற்றித் தேய்த்தேன். கழுவிவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், விரல் நுனிகளில் தொப்பிகள் காணாமல் போயிருந்தன. உள்ளங்கையில் அங்கங்கே வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தது. கையைத் துடைக்காமல் அப்படியே நின்றேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணாடி மேசைமேல் இருந்தது. முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினேன். ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார்.

“பிளீச்ல கைய விட்டியா?” என்றார். “எல்லாம் போயிருச்சே.”

பிறகு மறுபடி தொலைக்காட்சியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அன்று அந்த வாசலில், என் கையை அவ்வளவு நேரம் பிடித்துப் பார்த்தவர், அதன் அழகைத்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.